அம்மா போன பிறகு வீட்டில் மாலைச் செபம் நின்றுவிட்டது. நீங்கள் எப்படி மறுபடி தொடங்கினீர்கள்?

சமாதானபுரத்தான் | 11 ஜூன், இரவு 9:40

எல்லோருக்கும் தோத்திரம். அம்மா இறந்து ஜூலையோடு ஒரு வருடம் ஆகிறது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் ஏழரை மணி ஆனால் யாரும் சொல்லாமலே டிவியை அணைத்துவிடுவோம். அம்மாவுக்கு முட்டுவலி, முழங்காலிட முடியாது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துதான் தொடங்குவார்கள். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை, மாதா பிரார்த்தனை, கிருபை தயாபத்து, கடைசியில் இறந்தவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம். முடிந்ததும் ஒவ்வொருவராகத் தோத்திரம் சொல்லுவோம், அம்மா நெற்றியில் சிலுவை போடுவார்கள். எனக்கு வயது 43. போன வருடம் வரை எனக்கும் போட்டார்கள்.

அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் வரை சொந்தக்காரர்கள் தினமும் வந்து செபம் சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்தது, மறுநாள் யாரும் உட்காரவில்லை. நிறுத்துவோம் என்று யாரும் சொன்னதும் இல்லை. மகள் எட்டாம் வகுப்பு, டியூஷன் முடிந்து வர எட்டு மணி. மனைவி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள், வீடு சேர எட்டே முக்கால். ஆறு மணிக்கு மேல் நானும் சின்னவனும்தான் வீட்டில். திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்பு ஃபியூஸ் ஆகி எத்தனை நாள் ஆனது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சின்னவன்தான் கேட்டான்.

தவக்காலத்தில் 40 நாளும் ஐம்பத்து மூன்று மணி சொல்வது என்று முடிவு செய்தேன். ஒன்பதாம் நாள் நின்றுபோனது. அதிலிருந்து அந்தப் படத்துக்கு முன்னால் போய் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன செய்கிறீர்கள், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம்? அப்படியே சொல்லுங்கள்.

ஆலங்குளத்து அக்கா | 11 ஜூன், இரவு 10:25

தம்பி, படித்ததும் மனது கனத்துவிட்டது. என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா பீடி சுற்றித்தான் எங்கள் நாலு பேரையும் ஆளாக்கினார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றினால்தான் கூலி. இரண்டு கையும் இலையிலும் தூளிலும் இருக்கும்போது செபமாலையை எங்கே பிடிப்பது? ஒரு கட்டு முடிந்து நூல் சுற்றி வைக்கும்வரை செபமாலையின் ஒரு பத்து மணி, அதாவது பத்து அருள் நிறைந்த மந்திரம். அடுத்த கட்டுக்கு அடுத்த தேவ இரகசியம், இயேசு, மாதா வாழ்வில் தியானிக்கிற அடுத்த நிகழ்ச்சி. கட்டுதான் அம்மாவுக்குக் கணக்கு. மடியில் சுளகோடு திண்ணையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்கள் எல்லாம் வேறு வேறு மதம். அம்மா உதடு அசைவதைப் பார்த்தால் அவர்களும் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.

அம்மா செபத்துக்கு என்று தனி நேரம் ஒதுக்கி நான் பார்த்ததே இல்லை. ஏற்கெனவே நடக்கிற வேலையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். நீங்களும் நாலு பேரும் கூடும் நேரத்துக்குக் காத்திருக்காதீர்கள். ஆறு மணிக்கு வந்து டீ போடுவீர்கள்தானே? குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும் சின்னவனைக் கூப்பிட்டு ஒரு பத்து மணி மட்டும் சொல்லுங்கள். நாலு நிமிடம். ஐம்பத்து மூன்று வேண்டாம்.

பாளை டீச்சர் | 12 ஜூன், காலை 6:15

தம்பி, முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப் போவது கடமை. செபமாலை அப்படி இல்லை, அது அன்பினால் செய்வது. ஒன்பதாம் நாள் நின்றதற்காகக் கடவுள் உங்கள்மேல் வருத்தமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு விலகி நிற்பதுதான் நின்றதைவிடப் பெரிய இழப்பு.

38 வருடம் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். ஒரு நாளில் மூன்று இடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். காலையில் கண் விழித்ததும், கால் தரையில் படுமுன், இன்று நான் செய்வது, பேசுவது, படுவது எல்லாம் உமக்கே என்று ஒப்புக்கொடுப்பேன். அரை நிமிடம் ஆகும். மதியம் பன்னிரண்டுக்கு மூவேளை செபம். கோயில் மணி காதில் விழாத இடத்தில் இருந்தால் போனில் மணி வைத்துக்கொள்ளலாம். 'வாக்கு மனிதர் ஆனார்' என்ற இடத்தில் தலை தாழ்த்தும்போது, அது எந்த அலுவலகமாக இருந்தாலும் ஒரு நொடி கோயிலாகிவிடும். உயிர்ப்புக் காலத்தில் மட்டும் அதற்குப் பதில் 'விண்ணக அரசியே' சொல்வோம்.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதுதான் குறைந்துவிட்டது. இரவில் ஆன்ம சோதனை. புனித இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்தது. முதலில் இன்று கிடைத்தவற்றுக்கு நன்றி. அடுத்து, இன்றைய நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தாரும் என்று கேட்பது. பிறகு காலையிலிருந்து மணிமணியாக நடந்து வருவது: யாரிடம் என்ன பேசினேன், எங்கே கோபப்பட்டேன், எங்கே அவர் என்னைக் கூப்பிட்டும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மன்னிப்பு. கடைசியில் நாளைக்கு ஒரே ஒரு காரியம்.

ஒரு முறை வகுப்பில் ஒரு பையனை எல்லோர் முன்னாலும் கேவலமாகப் பேசிவிட்டேன். பகல் முழுக்க அது எனக்குத் தப்பாகவே தெரியவில்லை. இரவு நாளைத் திருப்பிப் பார்க்கும்போது அவன் முகம் வந்து நின்றது. மறுநாள் அதே வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் அவன் முகத்தை நான் பார்த்தே இருக்க மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவிடம் பாவத்தை அறிக்கையிட, போகும்போது என்ன சொல்வது என்று விழிப்பதும் இதனால் நின்றது. மாதம் ஒரு முறை, முதல் வெள்ளிக்கு முந்தின நாள் போய்விடுவேன்.

மூன்றையும் ஒன்றாக ஆரம்பித்துவிடாதீர்கள். அக்கா சொன்ன பத்து மணி ஊன்றட்டும், அப்புறம் பார்ப்போம்.

புது ஏடு | 12 ஜூன், மதியம் 1:05

நான் கல்லூரி மாணவன், வயதில் சின்னவன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டிலும் தினம் செபமாலை உண்டு. பாதிப் பேர் தூங்கிக்கொண்டே பதில் சொல்வார்கள், பாதிப் பேர் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். வாய் ஓடுகிறது, மனது எங்கோ இருக்கிறது. இதை வாய்ப்பாடு மாதிரி பிள்ளைகளிடம் மறுபடி திணிக்க வேண்டுமா?

எனக்கு உயிர் கொடுத்தது நற்செய்தி வாசகம்தான். அன்றைய திருப்பலி வாசகத்தைக் காலையில் பத்து நிமிடம் வாசிப்பேன். ஒரு வசனம் பிடித்துக்கொண்டால் அங்கேயே நின்றுவிடுவேன். அண்ணாச்சி வீட்டில் அதை முயற்சி செய்யலாமே?

உவரிக் கடலோரம் | 12 ஜூன், இரவு 8:50

தம்பி புது ஏடு, நற்செய்தி வாசிப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், விடாமல் செய்யுங்கள். ஆனால் மனப்பாடச் செபத்தை இவ்வளவு லேசாகத் தள்ளாதீர்கள். நம் பக்கத்தில் விசுவாசம் வந்ததே அந்த வழியில்தான்.

1542-ல் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கற்பனைகள் எல்லாவற்றையும் தமிழில் ஆக்கி, அவரே மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு ஊரைச் சுற்றி வந்து பிள்ளைகளையும் ஆண்களையும் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை சொல்லிக் கொடுத்தார். 1544-ல் ரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொல்கிறார்: கற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தாராம். அண்ணாச்சி, இதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டிலும் மகள் முன்மொழியட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள்.

அதன்பின் அண்டிரிக் அடிகளார் என்ற போர்த்துக்கீசியக் குரு 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகத்தை அச்சடித்தார். வெறும் 16 பக்கம். தமிழில் அச்சான அந்தப் புத்தகத்தில் இருப்பது நம் மந்திரங்கள்தான்.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வள்ளத்தில் விடியுமுன் கடலுக்குப் போவார். கரையை விட்டு விலகும்போது அந்தோணியார் கோயில் கண்ணுக்கு மறைகிற இடம் ஒன்று உண்டு. அங்கே எல்லோரும் பேச்சை நிறுத்தி ஒரு பரலோக மந்திரம். திரும்பும்போது கோயில் கண்ணில் படுகிற இடத்தில் இன்னொன்று. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. நற்செய்தியைக் கையில் எடுத்து அவர் வாசித்ததே இல்லை. அந்த இருட்டில், காற்று மாறும்போது, மனப்பாடமாக வருகிற சொல்தான் துணைக்கு இருந்தது. கடைசிக் காலத்தில் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியே' என்று பழைய சொல்லில்தான் சொல்வார், நாங்கள் 'அருள் நிறைந்த மரியே' என்போம். ஒரே செபத்தில் இரண்டு தமிழும் கலந்து ஓடும். யாரும் யாரையும் திருத்தவில்லை. இப்போது நான் தனியாகச் சொல்லும்போது என்னை அறியாமல் அவர் சொல் வந்துவிடுகிறது.

வடக்கன்குளத்தான் | 12 ஜூன், இரவு 10:10

அண்ணாச்சிக்கு. நீங்கள் கேட்டது பழக்கத்தைப் பற்றி. எனக்கு அதற்குக் கீழே துக்கம் தெரிகிறது. அம்மா உட்கார்ந்த இடம் காலியாக இருக்கும்போது அங்கே உட்கார்ந்து செபம் சொல்ல யாருக்கும் தொண்டை அடைக்கும்.

எங்கள் ஊரில்தான் 1745-ல் நீலகண்டர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 2022-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவரை இந்த வழிக்குக் கொண்டுவந்தவர் டச்சுக் கம்பெனிப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படையில் இருந்த டிலனாய். நீலகண்டர் அடுக்கடுக்காக நட்டப்பட்டு நொந்துபோயிருந்த நேரம் அது. டிலனாய் அவருக்கு, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை விவிலியத்திலிருந்து சொன்னார்.

என் தம்பி விபத்தில் போன வருடம் நானும் யோபு நூலைத்தான் எடுத்தேன். 42 அதிகாரம், நாளுக்கு ஒன்று. புரியாத இடத்தில் நிற்காமல் கடந்து போனேன். கடவுளிடம் இவ்வளவு கோபமாகப் பேசியும் ஒரு மனிதன் அவரை விட்டுப் போகாமல் இருக்க முடியும் என்பது எனக்கு அப்போது வேண்டியிருந்தது. செபம் வராத நாளில் அம்மாவை நினைத்துச் சும்மா உட்கார்ந்திருங்கள். அதுவும் செபம்தான்.

அடுப்படி | 13 ஜூன், அதிகாலை 5:05

இவ்வளவு நாள் வாசித்துவிட்டுப் போகிறவள், முதல்முறை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் இந்து. நல்ல மனிதர், என்னை ஞாயிறு பூசைக்கு அவரே பைக்கில் கொண்டுபோய் விடுவார். ஆனாலும் வீட்டில் சேர்ந்து செபம் சொல்ல ஆள் கிடையாது. கல்யாணமான புதிதில் அதற்காக நிறைய அழுதிருக்கிறேன்.

என் செபம் அடுப்படியில். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவேன். பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அத்தையிடம் கற்றது. அவர்கள் சபையில் பிடி அரிசிக் காணிக்கை உண்டு. அந்த ஒரு பிடிக்கு ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஏதாவது ஒருவருடைய பெயரைச் சொல்லி. மாதக் கடைசியில் அரிசியை எங்கள் தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குக் கொடுத்துவிடுவேன். செபம் வாயோடு நின்றுபோகாமல் இருக்க இது எனக்கு உதவுகிறது. டீச்சர் சொல்லும் ஆன்ம சோதனை எனக்குப் படுக்கையில் சரிவராது, நன்றி சொல்லி முடிக்குமுன் தூங்கிவிடுவேன். அதனால் கடைசிப் பாத்திரம் கழுவும்போது செய்கிறேன்.

என் மகனுக்கு வயது ஆறு. நான் கூப்பிட்டதே இல்லை. இப்போது அவனாகவே வந்து, "இன்னைக்கு யார் பேரும்மா?" என்று கேட்கிறான். பிடி அரிசி போடுவது அவன் கைதான். ஆறு வயதுக் கை என்பதால் பாட்டிக்கு அரிசி குறைகிறது, நான் இன்னொரு பிடி போட்டுவிடுவேன்.

திசையன்விளை ஓட்டுநர் | 13 ஜூன், மதியம் 2:30

எனக்கு ஷிப்ட் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. குறித்த நேரம் என்று எதையும் வைக்க முடியாது. அதனால் இடத்தை வைத்துக்கொண்டேன். பஸ்ஸை எடுக்குமுன் சிலுவை அடையாளம், என் பஸ்ஸில் ஏறப்போகிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம். வழியில் எந்த ஊர்க் கோயிலைக் கடந்தாலும் மனதுக்குள் 'ஆண்டவரே இரக்கமாயிரும்'. வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது. திருச்சபைச் சட்டப்படி இறைச்சி மட்டும்தான் விலக்கு, ஆனால் நான் மீனும் தொடுவதில்லை. அந்தக் காசு வண்டியிலேயே ஒரு டப்பாவில் சேரும். அவ்வளவுதான் என்னுடையது. 16 வருடமாக நடக்கிறது.

புது ஏடு | 13 ஜூன், இரவு 9:15

உவரி அண்ணாச்சி, அந்தக் கடல் நடுவில் சொல்கிற மந்திரத்தைப் படித்தபின் 'வாய்ப்பாடு' என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். வேகமாக ஐம்பத்து மூன்றைவிட நிதானமாகப் பத்துதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பத்து மணி சொல்லுமுன் அந்த மறைபொருளுக்கு, அக்கா தேவ இரகசியம் என்று சொன்னதற்கு, உரிய நற்செய்திப் பகுதியை நாலு வரி வாசித்தால் மனதுக்கு நிற்க ஒரு இடம் கிடைக்கும். 2002-ல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் ஒளியின் மறைபொருள்களைச் சேர்த்தபோது அவரும் மறைபொருளைச் சொன்னதும் விவிலியப் பகுதியை வாசிக்கத்தான் சொன்னார். கானாவூர்க் கல்யாணத்தை வாசித்துவிட்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிப் பாருங்கள், "இரசம் தீர்ந்துவிட்டது" என்று சொன்ன அந்த அம்மாவிடம்தான் பேசுகிறோம் என்று தெரியும்.

பாளை டீச்சர் | 13 ஜூன், இரவு 9:40

இதில் நான் புது ஏடு பக்கம்.

சமாதானபுரத்தான் | 6 ஜூலை, இரவு 9:20

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

முதலில் பல்பை மாற்றினேன். சின்னவன்தான் ஸ்டூலில் ஏறி மாட்டினான். அக்கா சொன்னபடி டீ டம்ளரைக் கழுவி வைத்ததும் நானும் அவனும் ஒரு பத்து மணி. முதல் வாரம் அம்மா சாய்ந்திருந்த சுவர்ப் பக்கம் நான் போகவில்லை. வாசல் பக்கம் உட்கார்ந்தோம். இரண்டாம் வாரம் சின்னவன் போய் அங்கே சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தான், அப்பத்தா மாதிரியே. நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று என்னால் மாலையில் மூன்று மணிகளுக்கு மேல் சொல்ல முடியவில்லை, மீதியை அவன் சொன்னான்.

மகள் டியூஷனிலிருந்து வந்து, "என்னை விட்டுட்டுச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். அதிலிருந்து சனி, ஞாயிறு நாலு பேரும் சேர்ந்து சொல்கிறோம், அவள்தான் முன்மொழிகிறாள். நற்செய்தியில் நாலு வரி வாசிப்பதும் அவள். இந்த மூன்று வாரத்தில் ஐந்து நாள் விட்டுப்போனது. விட்ட நாளுக்குச் சேர்த்துச் சொல்வதில்லை, மறுநாள் வழக்கம்போல் உட்கார்ந்துவிடுகிறோம். போன வியாழன் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. யோபுவில் 19-ஆம் அதிகாரம் வந்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். அம்மாவின் செபமாலையை அலமாரியிலிருந்து எடுத்தபோது கம்பி இற்றுப்போய் அறுந்துவிட்டது. தேடிப் பார்த்ததில் நாலு மணி கிடைக்கவில்லை. சாமியார் ஆசீர்வதித்து மந்திரித்த மாலை. வேறு மணி சேர்த்துக் கோக்கலாமா? வருகிற 19-ஆம் தேதி வருடப் பூசை, அதற்குள் சரிசெய்ய ஆசை.

ஆலங்குளத்து அக்கா | 6 ஜூலை, இரவு 10:00

தாராளமாகக் கோக்கலாம் தம்பி. நாலு மணி மாறினால் அது வேறு மாலை ஆகிவிடாது. பூசை அன்று சாமியாரிடம் கொடுத்து மறுபடி மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், பீடிக்கட்டு நூல் மாதிரி கெட்டி நூலை மூன்று இழையாக முறுக்கி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். மகளுக்கு முடிச்சுப் போட வராவிட்டால் என்னை வீடியோ காலில் கூப்பிடுங்கள். ஞாயிறு மத்தியானம் நான் வீட்டில்தான் இருப்பேன்.